நம்ம ஊர் மைதானம்

(பழைய மாணவர் சங்கக் கூடுகை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "அண்ணே, நீங்க இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். "எனக்குக் கால்பந்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதே தம்பி" என்றேன். "அதையே பேசுங்க. மத்தவங்க எல்லாம் தன்னம்பிக்கையைப் பத்தித்தான் பேசப் போறாங்க" என்றார். ஆகவே இன்று உங்களுக்கு என்னிடமிருந்து தன்னம்பிக்கை கிடைக்காது. கால்பந்துதான் கிடைக்கும். (சிரிப்பு)

நான் பேச எடுத்துக்கொண்டது 2016ஆம் ஆண்டின் ஏ.எப்.சி. கோப்பைப் போட்டி. உலகக் கோப்பையும் ஐரோப்பிய லீக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு விழித்திருந்து பார்க்கிறவர்கள் நீங்கள். இந்தப் போட்டியை யாரும் விழித்திருந்து பார்த்ததில்லை. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் இது என்ன போட்டி என்று சொல்லிவிடுகிறேன். ஆசியக் கண்டத்தில் கழகங்களுக்கு இடையே அப்போது நடந்த முதல் தரப் போட்டி ஆசிய சாம்பியன்ஸ் லீக். ஜப்பான், கொரியா, சவுதி போன்ற பெரிய நாடுகளின் கழகங்கள் அங்கே மோதும். அதற்கு அடுத்த படியில் இருந்தது ஏ.எப்.சி. கோப்பை. 2004இல் தொடங்கி, 2024இல் கடைசி இறுதி ஆட்டம் நடந்து, அந்தப் பெயரில் முடிந்துபோன போட்டி. இந்தியா, மாலத்தீவு, மியன்மார், லாவோஸ், ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா, ஜோர்டான், லெபனான், சிரியா, ஈராக் என்று பல நாட்டுக் கழகங்கள் இதில் ஆடின. வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகள் எல்லாம் ஒரு ஹாஸ்டலில் சேர்ந்து படிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டம் பெரியது. பெய்ரூட்டிலிருந்து ஹாங்காங் வரை எல்லோரையும் எல்லோரோடும் ஆட விட்டால் விமான டிக்கெட்டுக்கே கழகத்தின் சொத்து போய்விடும். ஆகவே 2016இல் மேற்கு மண்டலம், கிழக்கு மண்டலம் என்று பிரித்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 16 கழகங்கள், நான்கு குழுக்கள். குழுவில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இரண்டு மண்டலங்களும் இறுதி ஆட்டம் வரை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. மேற்கின் வெற்றியாளரும் கிழக்கின் வெற்றியாளரும் கடைசியில் ஒரே ஓர் ஆட்டத்தில் சந்திப்பார்கள்.

இந்தியாவிலிருந்து இரண்டு கழகங்கள். ஒன்று, கொல்கத்தாவின் மோகன் பகான். 1911இல் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை வெறுங்காலோடு ஆடித் தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்ற பழம்பெரும் கழகம். இன்னொன்று, 2013இல் பிறந்த பெங்களூரு எப்.சி. ஒன்று நூற்றாண்டு கண்ட தாத்தா. மற்றொன்று எல்.கே.ஜி.யில் சேர்கிற வயசு. இரண்டும் கிழக்கு மண்டலத்தில் ஆடின.

மோகன் பகான் தன் குழுவில் முதலிடம் பிடித்தது. அதனால் அடுத்த ஆட்டத்தைத் தன் சொந்த மைதானத்தில் ஆடும் உரிமை அதற்குக் கிடைத்தது. எங்கே ஆடினார்கள் தெரியுமா? கொல்கத்தாவில் இல்லை, அசாம் மாநிலம் கவுகாத்தியில். அந்த ஆண்டு அவர்களின் ஆசியப் போட்டி ஆட்டங்களுக்கு அதுதான் 'சொந்த மைதானம்'. எதிரணி சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸ். கூடுதல் நேரம் வரை இழுத்து, 2-1 என்று சிங்கப்பூர்க்காரர்கள் வென்றார்கள். தாத்தா வெளியேறினார்.

குழந்தை என்ன செய்தது? பெங்களூரு இருந்த குழுவில் மலேசியாவின் ஜோகூர் தாருல் தாக்ஸிம் இருந்தது. 2015இல் இதே கோப்பையை வென்ற கழகம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அதை முதலில் வென்றதும் அவர்கள்தான். ஜோகூர் இளவரசரின் ஆதரவு பெற்ற, பணபலம் மிக்க அணி. குழுக் கட்டத்தில் அவர்களிடம் பெங்களூரு தோற்றது. இருந்தாலும் இரண்டாம் இடம் பிடித்து ஒருவழியாகத் தேறிவிட்டது. இரண்டாம் இடம் என்றால் வெளியூர் போய் ஆட வேண்டும். மே மாதம் ஹாங்காங் போய், அங்கே கிட்சி கழகத்தை அதன் ஊரிலேயே 3-2 என்று வென்று காலிறுதிக்குள் நுழைந்தார்கள்.

இதற்கு நடுவில் பயிற்சியாளர் மாறினார். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அணியை வளர்த்த இங்கிலாந்துக்காரர் ஆஷ்லி வெஸ்ட்வுட் விலகினார். ஜூலையில் ஸ்பெயின் நாட்டு ஆல்பர்ட் ரோகா வந்தார். ஒரு காலத்தில் பார்சிலோனாவில் ரைக்கார்டுக்கு உதவியாளராக இருந்தவர். கேப்டன் சுனில் சேத்ரி. அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

காலிறுதியில் எதிரே நின்றது மோகன் பகானை வீழ்த்திய அதே டாம்பைன்ஸ். லிவர்பூலுக்கும் ஆர்சனலுக்கும் ஆடிய ஜெர்மைன் பென்னன்ட் அந்த ஆண்டு அவர்களிடம் இருந்தார். இரண்டு ஆட்டங்கள்: முதல் ஆட்டம் பெங்களூருவில், மறு ஆட்டம் சிங்கப்பூரில். முதல் ஆட்டத்தின் தேதி 2016 செப்டம்பர் 14.

தேதியைச் சொன்னவுடன் இங்கே சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். ஆமாம், அதே வாரம்தான்.

காவிரியில் தண்ணீர் திறக்க வேண்டும் என்று செப்டம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாளொன்றுக்கு விநாடிக்கு 15,000 கன அடி, பத்து நாட்களுக்கு. செப்டம்பர் 12ஆம் தேதி அதை 12,000 ஆகக் குறைத்து, 20ஆம் தேதி வரை நீட்டித்தது. அன்றைக்குப் பெங்களூரு பற்றி எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிந்ததை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பல காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. இந்தப் பக்கமும் யோக்கியம் இல்லை. சென்னையிலும் ராமேசுவரத்திலும் கர்நாடகக்காரர்கள் தாக்கப்பட்டார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கியவர்களில் எவனும் அணையின் மதகைத் திறந்தவனும் இல்லை, மூடியவனும் இல்லை.

நான் 1984இல் இங்கே பி.காம். முடித்து, வேலை கிடைத்துப் பெங்களூரு போனவன். என் பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள். அன்றைக்கு என் தம்பி மகன் சேலத்திலிருந்து வண்டியில் வந்திருந்தான். டி.என். நம்பர். வண்டியைக் காம்பவுண்டுக்குள் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினோம். தார்ப்பாய் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர். கொடுத்ததோடு தன் கே.ஏ. நம்பர் வண்டியைக் கொண்டுவந்து அதற்கு முன்னால் நிறுத்தினார். பெரிதாக எதுவும் பேசவில்லை. "இரண்டு நாள் வெளியே எடுக்க வேண்டாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஊரில், அந்த 12ஆம் தேதிக்கு இரண்டு நாள் கழித்து, கண்டீரவா ஸ்டேடியத்தில் டாம்பைன்சுடன் ஆட்டம் நடந்தது. வழக்கமான கூட்டமோ ஆரவாரமோ அன்றைக்கு இல்லை. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சி.கே. வினீத் ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோல்தான். அடுத்த வாரம் சிங்கப்பூரில் 0-0. மொத்தத்தில் 1-0. பெங்களூரு அரையிறுதிக்குப் போனது. 2008இல் கோவாவின் டெம்போ, 2013இல் ஈஸ்ட் பெங்கால் ஆகிய இந்தியக் கழகங்கள் இந்தப் படி வரை வந்து நின்றிருந்தன. அதற்கு மேல் யாரும் ஏறியதில்லை.

அரையிறுதியில் மறுபடியும் ஜோகூர்! முதல் ஆட்டம் செப்டம்பர் 28, ஜோகூர் பாருவின் லார்க்கின் மைதானம். ஜோகூர் அணியில் எஸ். குணாளன் என்று நம் தமிழ்ப் பையன் ஒருவர் இருந்தார். மலேசிய தேசிய அணிக்கும் ஆடியவர். ஆக, தமிழன் என்ற கணக்கில் கை தட்டுவதென்றால் நான் ஜோகூருக்குத்தான் தட்டியிருக்க வேண்டும்! (சிரிப்பு) ஆட்டம் 1-1. பெங்களூருவின் கோலை அடித்தவர் மேகாலயாவின் யூஜின்சன் லிங்டோ.

இங்கே விதி ஒன்றை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்து கோல் சமமாக இருந்தால், அயலூரில் அதிக கோல் போட்டவர்கள் வென்றதாக அப்போது கணக்கு. அயலூரில் ஒரு கோல் போட்டுவிட்டதால், பெங்களூரு தன் ஊரில் 0-0 என்று சமாளித்தாலே போதும். தற்காப்பாக ஆடுவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

அக்டோபர் 19, புதன்கிழமை. பக்கத்து வீட்டுக்காரர் மாலையில் கதவைத் தட்டினார். "பன்னி சார், மேட்ச்சுக்கு ஹோகோணா" என்றார். (பலத்த சிரிப்பு) சிரிக்காதீர்கள். கன்னடத்தில் 'பன்னி' என்றால் 'வாருங்கள்' என்று பொருள். மரியாதையான சொல். நான் அங்கே போன முதல் மாதம், ஆபீசில் மேனேஜர் அப்படிக் கூப்பிட்டபோது எனக்குக் கோபம் வந்தது வேறு கதை.

கண்டீரவா, கால்பந்துக்கென்று கட்டிய மைதானம் இல்லை. தடகள ஸ்டேடியம். கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே ஓட்டப் பாதை இருக்கிறது. ஆட்டக்காரர்கள் தூரத்தில் தெரிவார்கள். ஆனால் மேற்குப் பக்கக் கேலரியில் 'வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்' என்று ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தொண்ணூறு நிமிடமும் உட்காராமல் பாடுகிற கூட்டம். எல்லாம் உங்கள் வயசுப் பசங்கள். ஐ.டி. கம்பெனிக்காரன், ஆட்டோ ஓட்டுகிறவர் மகன், கல்லூரி மாணவன் என்று எல்லாக் கலவையும் அதில் உண்டு.

11ஆவது நிமிடம் ஜோகூரின் கேப்டன் சஃபீக் ரஹீம் கோல் போட்டுவிட்டார். 0-0 கணக்கு அங்கேயே அடிபட்டது. இனி பெங்களூரு போட்டே ஆக வேண்டும். கேலரி ஒரு நிமிடம் அமைதியானது. அப்புறம் முன்னைவிடச் சத்தமாகப் பாட ஆரம்பித்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு கார்னர். சேத்ரி தலையால் முட்டினார். 1-1. உயரமானவர் இல்லை அவர். உயரமான தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு நடுவே எங்கே பந்து விழும் என்று கணித்து, அங்கே முன்கூட்டியே போய் நின்றார். இரண்டாம் பாதியில் பெனால்டி கட்டத்துக்கு வெளியே தூரத்திலிருந்து இன்னொன்று. 2-1. 75 நிமிடம் ஆனபோது ஸ்பெயின்காரர் ஹுவானன் ஒரு ஹெடர் போட்டார். 3-1. மொத்தக் கணக்கில் 4-2. நடப்புச் சாம்பியன் காலி! இந்தியக் கழகம் ஒன்று முதன்முறையாக ஏ.எப்.சி. கோப்பை இறுதிக்குப் போனது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த மைதானத்தில் கோல் போட்ட, தடுத்த ஆட்கள் யார் யார் என்று பாருங்கள். சேத்ரி, செகந்திராபாத்தில் பிறந்த, நேபாளிக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா ராணுவத்தில் இருந்தவர். வினீத், ரினோ ஆன்டோ கேரளா. லிங்டோ மேகாலயா. கோல்கீப்பர் அம்ரிந்தர் சிங் பஞ்சாப். ஜான் ஜான்சன் இங்கிலாந்து. ஹுவானன் ஸ்பெயின். ஐந்து வாரத்துக்கு முன்னால், நீ எந்த ஊர்க்காரன், உன் வண்டி எந்த நம்பர் என்று கேட்ட அதே நகரம், அன்றைக்கு இவர்கள் எல்லோரையும் பார்த்து 'நம்ம ஹுடுகரு' என்று கூவியது. நம்ம பசங்க!

கன்னடத்திலும் 'நம்ம' என்பது 'நம்ம'தான். 'ஊரு' என்பது ஊர்தான். இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களைப் பட்டியல் போட்டால் இந்த இரண்டும் முதல் பக்கத்தில் வரும். சண்டை வந்தபோது இந்த 'நம்ம' சுருங்கிக்கொண்டே போய், தெருவில் ஒருத்தனை நிறுத்தி நம்பர் பிளேட்டைப் பார்க்கிற அளவுக்குச் சிறியதாயிற்று. அந்தப் புதன்கிழமை ராத்திரி அது விரிந்தது. ஒரு கால்பந்து ஆட்டம் காவிரிப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுவீர்கள். தீர்க்கவில்லை. வழக்கு 2018 பிப்ரவரி வரை நடந்து, அதற்குப் பிறகுதான் இறுதித் தீர்ப்பு வந்தது. பேருந்துகளை இழந்தவர்களுக்கு அந்த மூன்று கோலால் ஒரு டயர்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை. நான் சொல்வது சின்ன விஷயம். ஓர் ஊரில் எல்லோரும் வந்து நிற்பதற்கு ஒரு பொது இடம் இருந்தது. நானும் என் பக்கத்து வீட்டுக்காரரும் அங்கே ஒரே பக்கம் நின்றோம். அந்த இடம் இல்லையென்றால் அவரவர் வீட்டில், அவரவர் டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருப்போம். அந்த டி.வி.யில் நியூஸ் சேனல்தான் ஓடியிருக்கும்.

பெங்களூருக்குக் கால்பந்து புதிதும் இல்லை. ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் போன்ற தமிழர் வாழும் பகுதிகளின் மண் மைதானங்களிலிருந்து இந்திய அணிக்குப் போனவர்கள் பலர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகம் பெங்களூருத் தமிழர்தான். 'நம்ம' என்ற சொல்லுக்கு அந்த ஊரில் அவ்வளவு பழைய வேர் உண்டு.

சரி, இறுதி ஆட்டத்துக்கு வருவோம். மேற்கிலிருந்து வந்தது யார்? அல்-குவா அல்-ஜவியா. பெயருக்கு அர்த்தமே 'விமானப்படை'தான். ஈராக்கின் விமானப்படைக் கழகம். 1931இல் பாக்தாதில் தொடங்கியது. ஈராக்கின் மிகப் பழைய கழகம். அரையிறுதியில் லெபனானின் அல்-அஹெதைத் தாண்டி வந்தவர்கள்.

அவர்கள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலையில் பாக்தாதின் கராதா பகுதியில் நடந்த குண்டுவெடிப்பில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அக்டோபர் 17இல், அதாவது நாங்கள் கண்டீரவாவுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், ஐ.எஸ். அமைப்பிடமிருந்து மோசூல் நகரத்தை மீட்கும் போர் தொடங்கியது. எந்தப் படையின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு இவர்கள் பந்து ஆடினார்களோ, அந்தப் படை அங்கே நிஜமாகவே போரில் இருந்தது. பாதுகாப்பு இல்லை என்ற காரணத்தால் வெளிநாட்டு அணிகள் ஈராக்குக்கு வந்து ஆட அனுமதி கிடையாது. உள்ளூர் லீக்கை அவர்கள் ஊரில் ஆடலாம். ஆசியப் போட்டியில் 'சொந்த ஊர்' ஆட்டம் என்று வந்தால், கத்தார் நாட்டின் தோஹாவுக்குப் போக வேண்டும். ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தை நடத்தும் முறையும் அவர்களுக்கே வந்தது. அதையும் தோஹாவில்தான் நடத்தினார்கள்.

நவம்பர் 5, சுஹைம் பின் ஹமத் ஸ்டேடியம். பெங்களூருவின் முதல் கோல்கீப்பர் அம்ரிந்தர், மஞ்சள் அட்டைகளால் தடை பெற்று ஆட முடியவில்லை. பதிலுக்கு மிசோரமின் லால்துவம்மாவியா ரால்டே நின்றார். வளைகுடாவில் நம்மவர்களுக்கா பஞ்சம்? கேலரியில் இரண்டு நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். நான் இங்கே பெங்களூருவில் டி.வி.யில் பார்த்தேன். ஆட்டம் பெரும்பாலும் ஈராக்கியர்களின் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. எழுபது நிமிடம் வாக்கில் அம்ஜத் ராதி பந்தைக் கடத்திக் கொடுத்தார். ஹம்மாதி அகமது உள்ளே தள்ளினார். 1-0. அந்தச் சீசனில் ஹம்மாதி அடித்த கோல்கள் 16. போட்டியிலேயே அதிகம் அடித்தவர் அவர்தான். ஈராக்கியக் கழகம் ஒன்று ஆசியக் கோப்பை எதையும் வென்றது அதுவே முதல் தடவை.

"ஜெயித்தவன் கதையைச் சொல்லாமல், தோற்றவன் கதையைச் சொல்ல வந்தீரா?" என்று ஒரு கேள்வி. அதைவிடக் கூர்மையான கேள்வியை, நேற்று ராத்திரி இந்த உரையைச் சொல்லிப் பார்த்தபோது என் பேரன் கேட்டான். "தாத்தா, சொந்த மைதானம் வேணும் வேணும்னு சொல்றீங்க. மைதானமே இல்லாதவங்கதானே ஜெயிச்சாங்க?"

நல்ல கேள்வி. மழுப்ப முடியாத கேள்வி. மைதானம் இருந்தால்தான் ஜெயிக்க முடியும் என்று விதி எதுவும் இல்லை. திறமை இருந்தால், பாசிம் காசிம் மாதிரி ஒரு பயிற்சியாளர் இருந்தால், அடுத்தவன் ஊரிலும் ஜெயிக்கலாம். ஆனால் அந்த விமானப்படைக் கழகத்தின் கதை 2016இல் முடியவில்லை. 2017இலும் அவர்களே கோப்பையை வென்றார்கள். தஜிகிஸ்தானில், இஸ்திக்லால் கழகத்தின் மண்ணில், மறுபடி 1-0. ஆக இரண்டு கோப்பை. இரண்டும் அயல் நாட்டில் கையில் வாங்கியவை. 2018 மார்ச்சில் பாஸ்ரா, கர்பலா, எர்பில் ஆகிய மூன்று நகரங்களில் சர்வதேச ஆட்டங்களை நடத்த பிபா அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டும் இவர்களே இறுதிக்கு வந்தார்கள். 2018 அக்டோபர் 27, பாஸ்ரா. துர்க்மெனிஸ்தானின் அல்தின் அசிர் எதிரணி. 2-0. ஹம்மாதி அகமது அன்றைக்கும் ஒரு கோல் போட்டார். தொடர்ந்து மூன்று முறை இந்தக் கோப்பையை வென்ற முதல் கழகம் என்ற பெயர் கிடைத்தது.

மூன்று கோப்பையும் ஒரே எடைதான். ஆனால் மூன்றாவது கோப்பையை அவர்கள் தூக்கியபோது, எதிரே அவர்கள் ஊர்ச் சனங்கள் இருந்தார்கள். எந்தக் குழந்தைக்குப் பந்து ஆட ஆசை வர வேண்டுமோ அந்தக் குழந்தை கேலரியில் இருந்தது. மைதானம் ஜெயிப்பதற்கு அல்ல தம்பி, ஜெயித்ததையும் தோற்றதையும் கொண்டுவந்து வைப்பதற்கு ஓர் இடம் வேண்டும், அதற்குத்தான் என்று பேரனிடம் சொன்னேன். அவன் முழுசாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. யோசிக்கட்டும்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 2019இல் சென்னையின் எப்.சி. முதல் முறையாக இதே கோப்பையில் ஆடியது. தகுதிச் சுற்றில் எதிரணி கொழும்புக் கழகம். இரண்டு ஊரிலும் தமிழ் கேட்கும். முதல் ஆட்டம் கொழும்பில். மறு ஆட்டம் சென்னையில் என்றுதானே நினைப்பீர்கள்? அகமதாபாத்தில்! சென்னைக்குச் சொந்த மைதானம் அந்தப் போட்டிக்குக் குஜராத்தில் அமைந்தது. அதில் தேறி, குழுக் கட்டத்தில் வங்கதேசத்தின் அபஹானிக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம் வந்து வெளியேறினார்கள். அதே ஆண்டு வடகொரியாவின் ஏப்ரல் 25 கழகம் இறுதிக்கு வந்தது. பியாங்யாங்கில் நடக்க வேண்டிய இறுதி ஆட்டம் அங்கிருந்து எடுக்கப்பட்டு, கடைசியில் கோலாலம்பூரில் நடந்தது. லெபனானின் அல்-அஹெத் வென்றது. லெபனானில் அப்போது மக்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்த நேரம். இந்த மாதிரிப் போட்டிகளில் யாருக்கு எப்போது சொந்த மண் வாய்க்கும் என்று சொல்லவே முடியாது.

மாணவச் செல்வங்களே, இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். நுழைவாயிலின் இடது பக்கம் இருந்த மைதானம் எங்களுக்குத் தெரியும். தென்னை மரம் தெற்கு எல்லை, தண்ணீர்த் தொட்டி வடக்கு எல்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் பக்கத்துத் தெருப் பையன்களும் வந்துவிடுவார்கள். வாட்ச்மேன் விரட்ட மாட்டார். பதினோரு பேர் சேராத நாளில் அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுவார். நாங்கள் ஒன்றும் பெரிய அணி இல்லை. பல்கலைக்கழகப் போட்டியில் இரண்டாவது சுற்றைத் தாண்டியதாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் எந்த ஊரிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து, எந்த ஹாஸ்டல் அறையிலிருந்து வந்தாலும், அந்த மண்ணில் இறங்கினால் அவன் 'நம்ம பய'.

இன்றைக்கு அந்த இடத்தில் பாதி, வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டது. புதிய வகுப்பறைகள் வந்தன, நல்லதுதான். மாணவர்கள் கூடினார்கள், வண்டிகளும் கூடின. யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் கல்லூரி அணி இப்போது பயிற்சிக்குப் பேருந்து பிடித்து வேறொரு கல்லூரிக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். நம் அணிக்கு நம் ஊரே தோஹா ஆகிவிட்டது.

சங்கத்தின் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. வெள்ளி விழா நினைவாக நுழைவாயிலில் வளைவு ஒன்று கட்டுவது, அதில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறிப்பது. என் பெயரும் அதில் வரும் என்றார்கள். எனக்கும் ஆசைதான், யாருக்கு இல்லை? இருந்தாலும் தலைவர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும் இந்த மேடையிலேயே ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அந்தப் பணத்தை மைதானத்துக்குக் கொடுங்கள். மிச்சமிருக்கும் பாதியைச் சமன்படுத்தி, சுற்றிலும் வேலி போட்டு, இரண்டு கோல்போஸ்ட் நட்டு, ஒரு குடிநீர்க் குழாய் வைத்தால் போதும். வண்டிகளுக்குப் பின்பக்கம் இடம் பார்க்க முடியுமா என்று பொதுக்குழுவில் பேசுவோம். வேலியில் ஒரு சின்ன வாசல் வையுங்கள். தெருப் பையன்கள் வருவதற்கு. என் பங்குத் தொகை வளைவுக்கு என்று எழுதிக் கொடுத்தது. அதை மைதானத்துக்கு என்று மாற்றி எழுதி, பொருளாளரிடம் இப்போதே கொடுக்கிறேன். (கைதட்டல்)

கை தட்டியவர்கள் எல்லோரும் பொதுக்குழுவில் கையைத் தூக்கவும் வேண்டும்.